மாட்டுக்குப் போட்ட ஊசி, பாறு, தெருநாய்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: பிணம் தின்னும் பாறு கழுகுகள் அழிந்ததற்கு மாட்டு மருந்துதான் காரணம் என்கிறார்கள். மாட்டுக்கு ஒன்றும் ஆகாத மருந்து, பறவையை எப்படிக் கொல்லும்? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: அந்த மருந்தின் பெயர் டைக்ளோஃபினாக். வலியையும் வீக்கத்தையும் உடனே குறைக்கும், விலையும் மலிவு. அதனால்தான் எல்லோரும் அதைப் போட்டார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்தால் மருந்து உடலிலேயே தங்கிவிடும். அந்த இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது, கழிவான யூரிக் அமிலம் வெளியேற வழியில்லை. இறந்த பறவையைத் திறந்து பார்த்தால் ஈரலிலும் இதயத்திலும் அது சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும். 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வுதான் இதை உறுதி செய்தது. ஒரே சடலத்தில் பாறுகள் கூட்டமாக இறங்கும். ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

கேள்வி: பறவை போனால் மனிதனுக்கு என்ன நஷ்டம்?

பதில்: உயிர் நஷ்டம். பாறுகள் இல்லாத இடத்தில் சடலங்கள் அழுகின, தண்ணீர் கெட்டது, தின்ன வந்த நாய்கள் பெருகின, கூடவே வெறிநாய்க்கடியும். பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களையும் வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக அது கணக்கிடுகிறது. எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இந்தக் காரணம் இருக்காது என்பதுதான் என்னை வாட்டுகிறது.

கேள்வி: மருந்தைத் தடை செய்துவிட்டார்களே?

பதில்: 2006இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் அதை 3 மில்லி குப்பியாகக் குறைத்த பிறகே ஓரளவு கட்டுக்குள் வந்தது. அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்து மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். அதையும், பாறைக் கொல்லும் இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனையும் 2023இல்தான் தடை செய்தார்கள். இவ்வளவு காலம் எடுத்தது பெரிய தவறு. ஊசி போட வருபவரிடம் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். அது மாட்டுக்கும் நல்லது, பாறுக்கும் ஆபத்தில்லை.

கேள்வி: நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? (ஒரு தாய், சென்னை)

பதில்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள் அம்மா. மஞ்சள், மிளகாய்த்தூள் வேண்டாம். அன்றே தடுப்பூசி போடுங்கள், கீறல் ஆனாலும்தான்.

கேள்வி: எங்கள் ஊர் நீலகிரியில் ஓடும் மாயாறுக்குப் பக்கம். புலி அடித்த மாட்டின் மேல் சிலர் விஷம் வைக்கிறார்கள். இறந்த மாட்டை நான் என்ன செய்வது ஐயா?

பதில்: உங்கள் பள்ளத்தாக்கின் மருத மரங்களில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அந்த விஷம் புலியோடு நிற்காது, பாறுகளும் சாகும். வனத்துறைக்குத் தகவல் சொல்லி இழப்பீடு கேளுங்கள். நோயில் இறந்த மாடு என்றால் கடைசி நாட்களில் என்ன ஊசி போட்டது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் புதைத்துவிடுங்கள். திடீரென இறந்து மூக்கிலும் வாயிலும் கருத்த இரத்தம் வடிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோலை உரிக்காதீர்கள், யாரையும் தொட விடாதீர்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்த பிறகு, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.