ஒரு டாங்கி, நான்கு அளவு: எதை வாங்குவது?

கேள்வி: இரண்டாம் உலகப் போரை மேசை மேல் ஆடும் வார்கேமில் எனக்கும் தம்பிக்கும் ஆர்வம் வந்திருக்கிறது. 1944இல் பிரான்சின் நார்மண்டியில் நடந்த சண்டையை ஆட ஆசை. பொம்மை வீரர்களையும் டாங்கிகளையும் 28 மி.மீ., 15 மி.மீ., 1/72, 1/56 என்று பல அளவுகளில் விற்கிறார்கள். பிடித்ததையெல்லாம் கலந்து வாங்கலாமா? 1970களில் ஒருவர் சேர்த்த பொம்மை வீரர்களும் மலிவாக விலைக்கு வருகிறார்கள்.

பதில்: கலந்து வாங்காதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான்.

மி.மீ. என்பது பொம்மை வீரனின் உயரம். அதைச் சிலர் கண் வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலை வரை. அதனால் இரண்டு நிறுவனங்களின் 28 மி.மீ. வீரர்கள் பக்கத்தில் நின்றால் அண்ணன், தம்பி போலத் தெரியலாம். 1/72 என்பது விகிதம், அதாவது நிஜ அளவில் 72இல் ஒரு பங்கு. அதில் குழப்பம் குறைவு. அமெரிக்கர்களின் ஷெர்மன் டாங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் சுமார் 5.8 மீட்டர் நீளம். 1/56இல் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், 1/72இல் 8 செ.மீ., 1/100இல் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 1/285இல் வெறும் 2 செ.மீ.

எதை ஆடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நார்மண்டியின் வேலிப்புதர்களுக்கு நடுவே ஒரு பிளாட்டூன் (சிறு படைப்பிரிவு) அளவுச் சண்டை என்றால் பெரிய அளவு அழகு. போல்ட் ஆக்‌ஷன் என்ற வார்கேமை ஆடுபவர்கள் 28 மி.மீ. வீரர்களோடு 1/56 வண்டிகளை வைப்பார்கள். நிறைய டாங்கிகள் ஓட வேண்டுமா? ஃப்ளேம்ஸ் ஆஃப் வார் விளையாட்டுக்கான 15 மி.மீ., 1/100 பாருங்கள்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது 1/72. ஒரே பெட்டியில் பெரும்பாலும் நாற்பது வீரர்களாவது கிடைப்பார்கள். ஏர்ஃபிக்ஸ், இத்தாலெரி நிறுவனங்களின் டாங்கிகளும் அதே விகிதத்தில் உண்டு. அமெரிக்கர் ஒரு பெட்டி, ஜெர்மானியர் ஒரு பெட்டி, பக்கத்துக்கு ஒரு டாங்கி, அவ்வளவு போதும். அதற்கு வண்ணம் பூசி முடித்து நாலு ஆட்டம் ஆடிய பிறகு மீதியை வாங்கலாம்.

1/72 வீரர்கள் பெரும்பாலும் வளைகிற மென்பிளாஸ்டிக். பாகங்களை ஒட்டிச் செய்யும் கிட்டுக்கான பிளாஸ்டிக் பசை அதில் ஒட்டாது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும்.

அப்புறம் அந்தப் பழைய தொகுப்பு. பிளாஸ்டிக் என்றால் வயதாகி மொறுமொறுப்பாகியிருக்கலாம், தொட்டாலே துப்பாக்கி முறியும். விற்பவரை ஒன்றிரண்டு துப்பாக்கிகளை லேசாக வளைத்துக் காட்டச் சொல்லுங்கள், வீடியோவில் பார்த்தாலும் சரி. உலோகம் என்றால் அந்தக் காலத்து வார்ப்பில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். மேலே சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈயம் அரிக்கத் தொடங்கிவிட்டது, மலிவாக வந்தாலும் வேண்டாம். பொடி இல்லாததை வாங்கினாலும் தொட்ட பிறகு கை கழுவுங்கள், சின்னக் குழந்தைகள் கையில் தராதீர்கள். மர அலமாரியில் மூடி வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவிதான் ஈயத்தை அரிக்கிறது.