பாலிஷ் போட்ட மௌசருக்கு 900 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே ஒரு கடையில் ஸ்வீடன் ராணுவத்தின் பழைய எம்96 மௌசர் ரைபிள் விற்பனைக்கு இருக்கிறது. மேலே 'கார்ல் குஸ்தாஃப் 1915' என்று பொறித்திருக்கிறது. கட்டையில் பித்தளை வட்டு ஒன்றும் உண்டு. மரமெல்லாம் வார்னிஷ் அடித்து மின்னுகிறது. 900 டாலர் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த மினுமினுப்புக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ராணுவம் அந்த மரத்துக்கு எண்ணெய்தான் பூசியது. வார்னிஷுக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால், ஆய்வாளர்கள் அடித்த கிரீட முத்திரைகள் மங்கியிருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே அந்த முத்திரைகளைத்தான்.

ஆண்டும் விலையை ஏற்றாது. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவில் இருந்த கார்ல் குஸ்தாஃப் ஆலையில் இந்த ரைபிள்கள் லட்சக்கணக்கில் தயாராயின. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் 1899, 1900-ஆம் ஆண்டுகளில் செய்தவை சுமார் 40,000தான்; அவற்றுக்கு மவுசு கூடுதல்.

விலையைத் தீர்மானிப்பது எண்கள். ரைபிளின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்), குறிகாட்டி, கட்டையின் வளையங்கள் என்று சின்னச் சின்ன பாகங்களிலும் இருக்கும். போல்ட்டைக் கழற்றச் சொல்லி ஒவ்வொன்றாகப் பாருங்கள். போல்ட் எண் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றாலும் சேகரிப்பு மதிப்பு நன்றாகவே இறங்கும். அப்புறம், அப்படிப்பட்ட ரைபிளைத் துப்பாக்கி மெக்கானிக் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டின் முகப்புக்கும் தோட்டா உள்ளே போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, அளந்து பார்க்காமல் சுடவே கூடாது.

பித்தளை வட்டு ராணுவப் பட்டறையின் குறிப்பு. ஒரு பகுதி குழலின் உள்விட்டத்தைச் சொல்லும். இன்னொன்று அதன் நிலையை 1, 2, 3 என்று சொல்லும்; 1 நல்லது. மூன்றாவது, பிற்கால எம்41 தோட்டாவுக்குக் குறி எவ்வளவு மாறும் என்பது. ஆனால் வட்டு ஒரு திருகில்தான் நிற்கிறது, யாரும் மாற்றிவிடலாம். அதனால் டார்ச் அடித்துக் குழலை நீங்களே பாருங்கள். சுழல்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், அரிப்புக் குழிகள் இருக்கக் கூடாது.

குழல் நுனியில் மரையிருந்தால் பதறாதீர்கள், வெற்றுத் தோட்டாப் பயிற்சிக்காக ராணுவமே போட்டதாக இருக்கலாம். தொலைநோக்கி மாட்டத் துளை போட்டிருந்தாலோ கட்டையை வெட்டிக் குறுக்கியிருந்தாலோ அது வேட்டை ரைபிள் விலைக்குத்தான் போகும்.

ஏல இணையதளங்களில் 'கேட்ட விலை'யை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். எண்களெல்லாம் ஒத்து, குழலும் சுத்தமாக இருந்தால் வார்னிஷைக் காட்டிப் பேரம் பேசுங்கள். போல்ட் எண்ணே வேறு என்றால், 900 டாலருக்கு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.