அப்பா சொல்வது பாதி சரி

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். செஃப் ஆகி, பிற்பாடு சொந்தமாக ரெஸ்டாரன்ட் தொடங்க ஆசை. "பரோட்டா மாஸ்டர் எந்தக் காலேஜ்ல படிச்சார்?" என்கிறார் அப்பா. ஒரு தனியார் நிறுவனம் ஒரு வருட டிப்ளமோவுக்கு 3 லட்சம் கேட்கிறது. முடித்ததும் கப்பல் வேலை நிச்சயமாம். சேரலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: அப்பா சொல்வது பாதி சரி. கைப்பக்குவம் அடுப்படியில் நின்றால்தான் வரும். ஆனால் கைப்பக்குவத்தை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. வஞ்சிரம் கிலோ 900 ரூபாய் என்று வாங்குகிறீர்கள். தலை, வால், கழிவு போக 700 கிராம்தான் தேறுகிறது என்றால், அடுப்புக்குப் போகும் மீன் கிலோ கிட்டத்தட்ட 1,286 ரூபாய். 900-ஐ மனதில் வைத்து மெனுவில் விலை போட்டால், கூட்டம் அலைமோதும்போதே கை நஷ்டம். சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரிச் சூட்டுக்குள் நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும் என்பதையும் அனுபவத்தில் கற்றுக்கொள்ள நினைத்தால், அதற்கு விலை கொடுப்பவர் வாடிக்கையாளர். இதற்கெல்லாம்தான் படிப்பு.

சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது; திருச்சி துவாக்குடியில் மாநில அரசுடையது. என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற தேசிய அளவிலான ஹோட்டல் மேலாண்மை நுழைவுத் தேர்வு எழுதினால் மூன்று வருட பி.எஸ்சி.க்கு முயலலாம். அங்கே சமையலோடு பரிமாறுதல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு எல்லாமே படிக்க வேண்டும். படுக்கை விரிக்கவா வந்தோம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். முதலாளி ஆக நினைப்பவருக்குப் பரிமாறும் பக்கமும் தெரிய வேண்டும். கையில் காசு குறைவு என்றால் ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்புக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்தக் கப்பல் வேலை. கப்பல் கம்பெனிகள் பொதுவாக ஹோட்டல் அனுபவம் கேட்பவை. 'நிச்சயம்' என்று சொல்ல எந்தக் காலேஜாலும் முடியாது. அந்தத் தனியார் நிறுவனத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நான் சமைப்பேன், எத்தனை மணி நேரம் வேடிக்கை பார்ப்பேன்? போன வருட மாணவர்கள் எந்த ஹோட்டலில் பயிற்சிக்குப் போனார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எதில் சேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் உள்ளூர் ஹோட்டல் ஒன்றில் ஒரு மாதம் கிச்சனில் நின்று பாருங்கள். படித்து முடித்தாலும் முதல் வேலை 'கமி', அதாவது கடைநிலைச் சமையல் உதவியாளர்தான்: வெங்காயம் உரிப்பது, நாள் முழுக்க நிற்பது, தீபாவளிக்கும் டியூட்டி. அந்த ஒரு மாதமும் சலிக்கவில்லை என்றால் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். அப்பாவிடம் பேச என் கடிதம் தேவைப்படாது.