குற்றத்தால் சமூகத்துக்குப் பயன் உண்டா? கேட்டவர்களுக்குப் பதில்

சமூகவியல் பாடம் நடத்துகிறேன். குற்றத்துக்கும் சமூகத்தில் ஒரு வேலை உண்டு என்று பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் சொன்னதைக் குறிப்பிட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

கேள்வி: குற்றம் நல்லது என்றா சொன்னார்?

இல்லை. குற்றமே இல்லாத சமூகம் எங்கும் கிடையாது, அதனால் அது இயல்பு என்று 1895-ல் எழுதினார். வலி மாதிரிதான் என்று அவரே சொல்கிறார். உடம்பு இருந்தால் வலி இருக்கும், அதற்காக யாரும் அதை விரும்புவதில்லை.

கேள்வி: எல்லோரும் உத்தமர்களாகிவிட்டால்?

துறவிகள் மட்டுமே இருக்கும் மடத்தில் களவும் கொலையும் இருக்காது, ஆனால் நாம் கண்டுகொள்ளாத சின்னப் பிசகு அங்கே பெரிய குற்றமாகிவிடும் என்கிறார். கண்டிப்பான ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.

கேள்வி: குற்றம் ஊரை ஒன்றுசேர்க்கும் என்று துர்க்கைம் சொல்வது நிஜமா?

எங்கள் தெருவில் பைக்கில் வந்த ஒருவன் ஒரு பாட்டியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். காம்பவுண்ட் சுவர்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் அன்று ராத்திரி ஒரே திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அதுவரை சரி. ஒரு வாரத்தில் அதே ஒற்றுமை, கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்களை மறித்து ஆதார் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் பிடிபட்டவன் இரண்டு தெரு தள்ளி இருந்த உள்ளூர்க்காரன். சேருகிறோம் என்பது உண்மை, யாருக்கு எதிராக என்பதில்தான் எனக்கும் துர்க்கைமுக்கும் வழக்கு. பாட்டிக்குக் கழுத்துக் காயம் ஆற ஒரு மாதம் ஆனது.

கேள்வி: போலீஸ், வக்கீல், சிசிடிவி என்று எத்தனை பேருக்கு வேலை!

திருட்டே இல்லையென்றால், பூட்டுக்குப் போன காசு பிள்ளையின் செருப்புக்குப் போயிருக்கும். இதை லாபக் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: குற்றம் நாளைய நியாயமாக மாறியதுண்டா?

சுதந்திரமாகச் சிந்தித்ததே குற்றமாகி மரண தண்டனை பெற்ற கிரேக்க ஞானி சாக்ரடீஸைத் துர்க்கைம் காட்டுவார். நமக்கு வேதாரண்யம் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்தார். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் மிரட்ட, ஜனங்கள் யார் கையிலும் கொடுக்காமல் வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சட்டம் குற்றம் என்றதை ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தப் பொட்டலத்தைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அன்று கைதான ராஜாஜி 1948-ல் கவர்னர் ஜெனரல்.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு ரவுடியும் நாளைய தியாகி என்பானே?

சொல்வான்தான். உப்பெடுத்தவர்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பகலில் போனார்கள், கைது செய்ய வந்தபோது ஓடவில்லை. எங்கள் தெருவுக்கு வந்தவன் ஹெல்மெட்டையே கழற்றவில்லை.