வாசகர் கேள்வி-பதில்: பழனிப் பாதயாத்திரை

தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு முதல்முறையாக நடக்கப் போகிறேன். வெறுங்காலில் வருவதாக வேண்டுதல். இரண்டாம் நாளே கொப்புளம் போட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?
வாசகி, மேலூர்

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தினம் 25, 30 என்று பிரித்துக்கொண்டால் நாலைந்து நாள். தூரம் மட்டும் கொப்புளத்தைக் கொண்டுவராது. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர வேண்டும். பக்தர்களுக்காகச் சாலையில் தண்ணீர் தெளிப்பார்கள்; அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஊறி மெத்தென்று ஆன உள்ளங்காலோடு கொதிக்கிற தாரில் நடந்தால் மேல்தோல் நழுவி, அடியில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் பழகியவர்கள் விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். மறுபடி மாலை 4 மணிக்கு மேல்தான்.

கொப்புளம் போடுவதற்கு முன்பே பாதம் சொல்லிவிடும். விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டிலோ குதிகால் ஓரத்திலோ ஒரே இடம் சுள்ளென்று காந்தும். அடுத்த பந்தல் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, துடைத்து, காயவிட்டு, பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் அதுவே உரசி இன்னொரு கொப்புளம் வரும்.

சின்னக் கொப்புளத்தை உடைக்கவே வேண்டாம். பெரிதாகி நடக்கவே முடியாத நிலையில் மட்டும், கையையும் காலையும் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே கட்டுப் போடுங்கள். புண்ணுக்கு அதுதான் மூடி. அதன்பிறகு அந்தக் கால் செருப்பில்லாமல் சாலையில் படக் கூடாது.

ஆறு வாரம் முன்பே பழக்குவது எல்லாவற்றையும்விட முக்கியம். முதலில் மண் தரையில் 2 கிலோமீட்டர், பிறகு காலை நேரத்துத் தார்ச் சாலையில் 5, கடைசி வாரங்களில் 15.

அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. வெறுங்காலில்தான் வருவேன் என்கிறார். செருப்பு போட்டால் வேண்டுதல் கெட்டுவிடுமா?
வாசகர், தேவகோட்டை

கெடாது. போட்டுத்தான் வர வேண்டும். நீண்டகாலச் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப்போகும். கண்ணாடிச் சில்லு ஏறினாலும் தெரியாது. ஆறாத புண்ணான பிறகுதான் தெரியவரும். ஏற்கெனவே போட்டுப் பழகிய, விரல் இடிக்காத செருப்போ ஷூவோ போதும். புதிதாக வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். தங்கும் இடத்தில் தினமும் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு உட்பட டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது. நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும் என்பதால் மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் முன்பே கேளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

இரவில் சாலையில் எந்தப் பக்கம் நடப்பது?
வாசகர், நத்தம்

நடைபாதை இருந்தால் அதில். இல்லாவிட்டால் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி. போலீஸ் வேறு பக்கம் போகச் சொன்னால் அதன்படி. ஒளிரும் பட்டையைப் பை, முதுகு இரண்டிலும் ஒட்டுங்கள்.

முருகனை நினைத்துக்கொண்டே நடக்க ஆசை. ஆனால் போன வருடம் வழியெல்லாம் வீட்டுக் கவலையும் கோபமும்தான். பக்தி போதவில்லையோ?
வாசகி, திண்டுக்கல்

அப்படி நினைத்து வருந்தாதீர்கள். முதல் நாள் எல்லார் மனதும் வீட்டிலேதான் இருக்கும். இரண்டாம் நாள் மதியம் வரும் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் உடம்பு: வியர்வையில் உப்பு போயிருக்கும், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பாருங்கள். நெஞ்சு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு வேகம். காவடிச் சிந்தில் ஓர் அடியை மூச்சு வாங்காமல் பாட முடிகிறதா? முடியாவிட்டால் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். மூச்சு இரைக்கும்போது மனமும் அலையும். விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரம் செல்போனையும் பேச்சையும் விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து நடங்கள். குதி, விளிம்பு, விரல். நாமம் அந்த நடையோடு தானாக வந்து சேரும். கவலை நடுவில் வந்தால் விரட்ட வேண்டாம், அடுத்த அடிக்குத் திரும்பினால் போதும்.

மலை கண்ணில் பட்டதும் நடை தானாக வேகமெடுக்கும். அங்கே அடக்கிக்கொள்ளுங்கள், இன்னும் 693 படி இருக்கிறது. முழங்கால் வலித்தால் சரிவாக ஏறும் யானைப்பாதையில் போங்கள். இறங்கும்போது முட்டியில் பாரம் இன்னும் அதிகம், அதற்கும் அதே வழிதான்.