ஜூலை 10-க்கு நம் ஊர்ப் பிள்ளை என்ன பேசலாம்?

காட்பாடிப் பள்ளியில் உங்கள் மகள் தன் பிறந்தநாளான ஜூலை 10 பற்றிப் பேச வேண்டும், கிரிக்கெட் வீரர் கவாஸ்கர் பிறந்தது (1949) தவிர ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நம் கோட்டையையே விட்டுவிட்டீர்களே! 1806-ல் அதே நாள் விடியுமுன்தான் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள், 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 51 வருஷம் முன்னால். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகைதான் போடணும் என்ற உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்தது. திப்புவின் மகன்களும் அப்போது உள்ளேதான் காவலில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பாதி நேரம் இதையே பேசட்டும்.

அப்புறம் மின்சாரத் துறைக் கண்டுபிடிப்பாளர் நிக்கோலா டெஸ்லா பிறந்தது, 1856. சில இடங்களில் ஜூன் 28 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது 12 நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவியது 1962, ஒரு வரி போதும்.

முந்தின நாள் வேலூர் மக்கான் பக்கம் இருக்கிற, அந்தச் சிப்பாய்களின் நினைவுத் தூணைக் காட்டிக் கூட்டிவாருங்கள், பார்த்துவிட்டுப் பேசினால் குரலே வேறு மாதிரி வரும்.