படகின் மேல் ஒரு குளிர்காலக் கொட்டகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கரையேற்றிய படகைக் குளிர்காலத்தில் செப்பனிடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படகைப் பற்றி அல்ல, அதன்மேல் போட வேண்டிய தற்காலிகக் கூரையைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, 7 மீட்டர் நீளமுள்ள பழைய மரப்படகு ஒன்றை வாங்கி, கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். படகின் மேல் பெரிய தார்ப்பாயைப் போர்த்தி, அதனடியில் வேலை செய்தால் போதாதா? கொட்டகையே கட்ட வேண்டும் என்றால் எந்த வடிவத்தில் கட்டுவது?

பதில்: வேலை செய்யாமல் படகை உறங்க விடுவதானால் போர்வை போதும். வேலை செய்ய வேண்டுமானால், படகைத் தொடாமல் தன் காலில் நிற்கும் கூரை வேண்டும். படகின் மேலேயே கிடக்கும் தார்ப்பாய் காற்றில் படபடத்துப் பூச்சைத் தேய்த்துவிடும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே குழிந்து நீரைத் தேக்கும். அதனடியில் நிமிர்ந்து நின்று ஒரு திருகாணியைக்கூட முடுக்க முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஆண்டில், படகின் நடுவே அணியம் என்னும் முன்முனையிலிருந்து அமரம் என்னும் பின்முனைவரை ஒரு நீளக் கழியைக் கட்டி, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு, கயிறுகளை இழுத்துக் கட்ட வசதியாக இருந்தவை என்பதால் முட்டுக்கால்களிலேயே கட்டிவிட்டேன். ஓரிரவு அடித்த காற்றில் தார்ப்பாய் விடாமல் இழுத்த இழுப்பில், காலையில் பார்த்தபோது ஒரு முட்டுக்கால் ஒரு சாண் நகர்ந்து, படகின் பக்கப் பலகையை விட்டு விலகி நின்றது. படகின் எடை முழுவதும் ஏரா என்னும் அடிமரத்தின் கீழ் வைத்த கட்டைகளில் இறங்கியிருந்ததால்தான் அது சாயவில்லை. முட்டுக்கால்களின் வேலை படகை நிமிர்த்தி வைப்பது மட்டுமே. அவற்றில் எதையும், ஒரு நூலைக்கூட, கட்டக் கூடாது.

வடிவத்தைப் பொறுத்தவரை, கவிழ்த்து வைத்த படகைப் போல, உச்சியில் கூர்மையாகக் கூடும் வளைவுக் கூரையையே பரிந்துரைக்கிறேன். செங்குத்தான உச்சியில் பனி தங்காமல் வழுக்கிவிடும். உள்ளே தாளில் கோக்கும் நீரும் சொட்டாமல் தாளோடு தாளாக வழிந்து தரைக்கு வரும். அரைவட்டக் கூரையில் இந்த இரண்டும் நடக்காது, ஏனெனில் அதன் உச்சி ஏறக்குறைய மட்டமாக இருப்பதால் பனி மேலே குவிவதும் நீர் கீழே சொட்டுவதும் அங்கேதான்.

உங்கள் படகுக்கு 4.5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், 9 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். படகின் இருபுறமும் ஒரு மீட்டர் நடைவழி கிடைக்கும். மேல்தளத்தில் நின்றாலும் தலை இடிக்காது. 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் 9 வளைவுகள் தேவை. ஒவ்வொரு வளைவும் உச்சியில் சந்திக்கும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியும் 18 மில்லிமீட்டர் தடிப்பும் 40 மில்லிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 5 மீட்டர் நீளமும் கொண்ட இரண்டு ரீப்பர்களால், அதாவது மெல்லிய மரச்சட்டங்களால், ஆனது. ஆகமொத்தம் 36 ரீப்பர்கள். சமதளத்தில் வளைவை வரைந்து, கோட்டின் மேல் மரக்கட்டைகளைத் திருகி அச்சு செய்துகொள்ளுங்கள். முதல் ரீப்பரை அச்சோடு வளைத்து, அதன்மேல் அரை மீட்டருக்கு ஒன்றாக 10 சென்டிமீட்டர் நீளத் துண்டுக் கட்டைகளைப் பசையிட்டு வைத்து, இரண்டாவது ரீப்பரை அவற்றின்மேல் வளைத்துத் திருகிவிட வேண்டும். பசை இறுகியபின் அச்சிலிருந்து எடுத்தால் வளைவு சில சென்டிமீட்டர் விரிந்து கொடுக்கும். எல்லா வளைவும் ஒரே அச்சில் வருவதால் எல்லாம் ஒரே அளவு விரியும், கவலை வேண்டாம். இரண்டு மெல்லிய ரீப்பர்கள் இடைவெளி விட்டு நிற்பதே இதன் பலம். ஒரே ஆள் தோளில் தூக்கிப்போகும் எடையில் கனத்த சட்டத்தின் விறைப்பு கிடைக்கிறது.

மரத்தில் கணு இருக்கக் கூடாது. வளைக்கும்போது கணு இருக்கும் இடத்தில் முதலில் ஒரு மெல்லிய முறுகல் ஓசை கேட்கும். அங்கேயே நிறுத்திவிட்டால் ரீப்பர் போகும், தொடர்ந்து அழுத்தினால் உங்கள் முகவாயும் சேர்ந்து போகும்.

வளைவுகளை நிறுத்தியபின் முகட்டில் ஒரு பலகையும், பக்கங்களில் இரண்டிரண்டு நெடுக்குச் சட்டங்களும், நான்கு மூலைகளிலும் குறுக்காகச் செல்லும் சாய்சட்டங்களும் கட்டாயம் வேண்டும். சாய்சட்டம் இல்லாத கொட்டகை, வரிசையாக நிறுத்திய சீட்டுக்கட்டைப் போல ஒரே திசையில் மடங்கிப் படுத்துவிடும்.

கேள்வி: மரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைப் போடலாமா? வெளிச்சமும் வெப்பமும் கிடைக்குமே?

பதில்: பிவிசி குழாய் வேண்டாம். பனியின் சுமையில் அது தளர்ந்து தொங்கும், கடுங்குளிரில் நொறுங்கும். அது தொடும் இடங்களில் பாலித்தீன் தாளும் விரைவில் நலிந்து கிழிகிறது என்பதைப் பசுமைக்குடில் அமைப்போர் நன்கு அறிவர்.

தாளைப் பொறுத்தவரை, கட்டட வேலைக்கு விற்கும் சாதாரணப் பாலித்தீன் வெயிலில் சில மாதங்களிலேயே பொடியத் தொடங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்குமாறு செய்யப்பட்ட, 150 மைக்ரான் தடிப்புள்ள பசுமைக்குடில் தாளே பணத்துக்கு ஏற்ற பொருள். கண்ணாடி போன்ற தாளா, வெள்ளைத் தாளா என்பது படகைப் பொறுத்தது. கண்ணாடி இழைப் படகானால் தெளிந்த தாளே நல்லது. வெயில் அடிக்கும் பனிக்கால நண்பகலில்கூட உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாம், படகின் உடலும் உலரும். மரப்படகுக்கு அந்த வெப்பமே பகை. பலகைகள் அளவுக்கு மேல் உலர்ந்து சுருங்க, பொருத்துகள் வாய் பிளக்கும். அதைப் பார்த்துப் பதறிக் கெட்டியான பசையையோ மரச்சீவலையோ திணித்து அடைத்தால், படகு நீரில் இறங்கிப் பலகைகள் மீண்டும் ஊறிப் பருக்கும்போது இடமில்லாமல் ஒன்றையொன்று நெரித்து, உள்விலாக்களையே பெயர்த்துவிடும். ஆகவே மரத்துக்கு வெள்ளைத் தாள். பலகைப் பொருத்துகளில் பஞ்சைத் திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையை, படகை நீரில் இறக்குவதற்குச் சற்று முன்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாளைக் காற்றில்லாத, இளவெப்பமான நாளில் போடுங்கள். பாலித்தீன் வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும். இளவெப்பத்தில் போட்டது குளிரில் தானே முறுக்கேறி மத்தளம்போல் நிற்கும். குளிர்நாளில் இறுக்கிப் போட்டது வெயில் வந்ததும் தொய்ந்து படபடக்கத் தொடங்கும், படபடக்கும் தாள் நெடுநாள் வாழாது. ஓரத்தை வெறும் ஸ்டேப்ளர் ஊசியால் அடிக்காமல், ஒரு ரீப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த ரீப்பரைச் சட்டத்தில் திருகுங்கள்.

கேள்வி: இவ்வளவு இலேசான கொட்டகையைக் காற்று தூக்கிக்கொண்டு போகாதா?

பதில்: போகும், நீங்கள் பிடித்து வைக்காவிட்டால். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 24 கிலோ எடைக்கு ஒப்பான விசையால் அழுத்தும். மேலே சொன்ன கொட்டகையின் பக்கவாட்டுப் பரப்பு 36 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 860 கிலோவுக்கு மேல் வருகிறது. வளைந்த வடிவம் இதைச் சற்றுக் குறைக்கும் என்றாலும், அதே காற்று முகட்டின் மேல் ஓடும்போது கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். கொட்டகையின் மரமும் தாளும் சேர்ந்தாலே சில நூறு கிலோதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மண் தரையானால், ஒன்றுவிட்டு ஒரு வளைவின் இரு கால்களிலும் திருகு நங்கூரங்களை இறக்கிக் கட்டலாம். கற்பரப்பானால் பீப்பாய்களை நம்ப வேண்டியதுதான். பலர் 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீரை நிரப்புகிறார்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருப்பதால், ததும்ப நிரப்பி மூடிய பீப்பாய் வெடித்துவிடும். மணலை நிரப்பினால் வெடிப்பும் இல்லை, அதே பீப்பாயின் எடையும் 300 கிலோவை எட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று வரும் பக்கத்துக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த கொட்டகை, பாய் விரித்த படகுதான்.

கேள்வி: சென்ற ஆண்டு கொட்டகை கட்டினேன். ஒரு துளி மழையும் உள்ளே வரவில்லை. ஆனால் எரிவாயு அடுப்பை ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்த நாள்களில் கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி, புதிதாகப் பூசிய வார்னிஷ் முழுவதும் அம்மைத் தழும்புபோல் ஆகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: மழையை நீங்களே உள்ளே காய்ச்சியிருக்கிறீர்கள். எரிவாயுவான புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி பிறக்கும். அதோடு தரையிலிருந்து எழும் ஈரமும் உங்கள் மூச்சும் சேர்ந்து, குளிர்ந்த தாளில் பட்டு நீராகிக் கொட்டியிருக்கின்றன. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடையும் விடும் என்பதால், வார்னிஷோடு போனதை நல்லூழ் என்றே சொல்வேன். மின்சூடேற்றிக்கு மாறுங்கள், இணைப்பில் மின்கசிவுத் தடுப்பான் இருக்கட்டும்.

முதலில் தரை முழுவதும் பழைய பாலித்தீனை விரித்து மண்ணின் ஈரத்தை அடக்குங்கள். அடுத்து, இரண்டு முனைச் சுவர்களிலும் முகட்டை ஒட்டி, மழை அடிக்காத மூடியுடன் ஒரு திறப்பு வையுங்கள். வெப்பம் வீணாகுமே என்று அதை அடைப்பவர்களுக்குத்தான் சொட்டும் கூரை வாய்க்கிறது. கொட்டகை முழுவதையும் சூடேற்ற முயல்வதும் வீண். ஒற்றைத் தாள் கூரை வெப்பத்தைப் பிடித்து வைக்காது. பசையிடும் அல்லது பூசும் இடத்தை மட்டும் சிறு கூடாரம்போல் கம்பளியாலோ தாளாலோ மறைத்து, உள்ளே சிறு மின்சூடேற்றியை வைத்தால் போதும். துணியில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எபாக்ஸி என்னும் பிசின் 10 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகவே இறுகும். இறுகும்போது ஈரக்காற்று பட்டால் மேலே மெழுகுபோன்ற படலம் படரும். அதை நீரால் கழுவித் துடைத்தபின்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

காற்று வெப்பமாக இருப்பதால் படகும் வெப்பமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். படகின் அடியில் பொருத்தப்பட்டு இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு அல்லது ஈய அடிப்பாரம், காலையில் உள்காற்று வெப்பமடைந்தபின்னும் நண்பகல்வரை வியர்த்துக்கொண்டிருக்கும். பூசப்போகும் பரப்பின் வெப்பநிலை, பனித்துளி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். உள்ளே காற்று 20 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டிலும் இருந்தால், பனித்துளி ஏறக்குறைய 9 டிகிரியில் படியும். அப்படியானால் பரப்பு 12 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது தூரிகையைத் தொடாதீர்கள்.

கேள்வி: கூரையில் தங்கும் பனியை எப்படி இறக்குவது? வேலை முடிந்தபின் கொட்டகையை என்ன செய்வது?

பதில்: வெளியே நின்று மண்வெட்டியால் வாரினால் தாள் கிழியும். உள்ளே நின்று, துணி சுற்றிய துடைப்பத்தால் கீழிருந்து மெல்லத் தட்டுங்கள். பனி தானாக வழுக்கும். புதிதாக விழுந்த பனி பஞ்சுபோல இருக்கும். அதன்மேல் மழை பெய்துவிட்டால் எடை பலமடங்காகும் என்பதால், மழைக்கு முன்பே தட்டிவிடுவது நல்லது. கால்களை ஒட்டிக் குவியும் பனியையும் அவ்வப்போது அகற்றுங்கள், இல்லையெனில் அது பக்கங்களை உள்நோக்கித் தள்ளும்.

ஒரு முனைச் சுவரை ஆணியடிக்காமல் போல்ட்டுகளால் மட்டும் பொருத்துங்கள். வசந்தத்தில் படகு அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு வளைவின் காலிலும் எண்ணை எழுதி, பாதிகளைத் தனித்தனியாக்கி மழைபடாத இடத்தில் படுக்க வையுங்கள். தாளை முழுதாகக் கழற்றி, உலர்த்தி, இருட்டில் சுருட்டி வைத்தால் இன்னும் ஓரிரு குளிர்காலங்களுக்கு உழைக்கும்.